பெரிய வெள்ளியும் கோலிக்குண்டும்

லண்டன் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஸஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் வடக்கெல்லையை ஒட்டி, டின்ஸ்லி கிரீன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தேசப்படத்தில் அதன் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. எனினும் ஆண்டுதோறும் பெரிய வெள்ளிக்கிழமையன்று அவ்வூரிலுள்ள ‘கிரேஹவுண்டு’ என்னும் மதுமனையின் முன்னே பெருங்கூட்டம் கூடுகிறது. மணல் தூவிய ஒரு வட்டமேடையைச் சுற்றி, நரைத்த தலையரும் நடுத்தர வயதினரும் மண்டியிட்டு அமர்ந்து, கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலை வளைத்துக் கோலியாடுகின்றனர். கையில் சுவடியுடன் நடுவர் நிற்கிறார். பிரிட்டனுக்கும் உலகுக்கும் உரிய கோலிப் பட்டம் அன்று அங்கேதான் வழங்கப்படுகிறது.

கேட்பதற்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஐந்தாம் வகுப்போடு கைவிட்டுவிட்ட ஓர் ஆட்டத்தை ஐம்பது வயதில் ஆடுவானேன் என்ற வினா எழுவதும் இயல்பே. ஆயினும் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால், ஓர் ஊர் தன்னைத் தானே எவ்வாறு காத்துக்கொள்கிறது என்னும் பெரிய செய்தி அச்சிறு குண்டினுள் அடங்கியிருப்பதை நாம் காணலாம்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு ‘பப்’ என்னும் ஆங்கிலச் சொல் எப்போதும் ஒரு முள். ‘கள்ளுக்கடை’ என்று எழுதினால் நம் நாட்டில் அச்சொல்லுக்குள்ள பழியெல்லாம் சேர்ந்துகொள்கிறது. ‘சத்திரம்’ என்றாலோ மது நீங்கிவிடுகிறது. ‘விடுதி’ என்றால் படுக்கைதான் நினைவுக்கு வருகிறது. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே ‘பப்’. ‘பொது வீடு’ என்பது அதன் நேர்ப்பொருள். மாதா கோயில் ஒருபுறமும் இப்பொது வீடு மறுபுறமுமாக அமைந்ததே பழைய ஆங்கிலக் கிராமம். உழைத்துக் களைத்தவர் மாலையில் ஒரு குவளை பீருடன் அமர்வதும் அங்கேதான். ஊர்ச் செய்தி பரிமாறுவதும், உதவிநிதிச் சங்கங்கள் கூடுவதும் அங்கேதான். சந்தேகத்துக்குரிய மரணங்களைப் பற்றிய விசாரணைகூட ஒரு காலத்தில் அங்கேயே நடந்ததுண்டு. இத்தகைய இடத்தை நாம் ‘மதுமனை’ என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். கூடுமிடத்தில் ஆட்டமும் கூடுவது இயற்கையன்றோ? பலகையில் சிற்றம்பு எய்தல், ஒன்பது கட்டைகளைப் பந்தால் வீழ்த்துதல், இரும்பு வளையம் எறிதல், டாமினோ காய் அடுக்குதல் என மதுமனையைச் சார்ந்து வளர்ந்த ஆட்டங்கள் பல. அவற்றுள் எளியதும் விந்தையானதும் கோலியாட்டம்.

உருண்டையான சிறு பொருளை விரலால் தெறித்து இன்னொன்றை அடிக்கும் ஆசை, மனித குலத்தின் பழைய ஆசைகளுள் ஒன்று. உரோமானியச் சிறுவர் கொட்டைகளை வைத்து இவ்வகை ஆட்டங்களை ஆடினர். ‘கொட்டைகளை விட்டுவிட்டான்’ என்று ஒருவனைப் பற்றி அவர்கள் சொன்னால், அவன் பிள்ளைப்பருவத்தைக் கடந்துவிட்டான் என்பது பொருள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியே சிறுவரோடு அமர்ந்து கொட்டை விளையாடியதுண்டு என்று சுவெட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். பீட்டர் புருகல் என்ற ஓவியர் 1560-ஆம் ஆண்டில் தீட்டிய ‘குழந்தைகளின் விளையாட்டுக்கள்’ என்னும் புகழ்பெற்ற படம் இன்று வியன்னா நகரத்துக் கலைக்கூடத்தில் உள்ளது. அதிலும் கோலியாடுவோரைக் காணலாம். இங்கிலாந்து மக்களின் விளையாட்டுக்களைத் தொகுத்து ஜோஸப் ஸ்ட்ரட் என்பவர் 1801-ல் வெளியிட்ட நூல், வட்டத்துள் குண்டுகளை வைத்து வெளியிலிருந்து வேறொரு குண்டால் அடித்து வெளியேற்றும் ஆட்டத்தைத் தெளிவாக விவரிக்கிறது. டின்ஸ்லி கிரீனில் இன்று ஆடப்படுவது ஏறக்குறைய அதே ஆட்டந்தான்.

ஆட்டத்தைப் போலவே குண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. களிமண் உருட்டிச் சுட்ட குண்டுகளே ஏழைச் சிறுவரின் செல்வம். கல்லைக் கடைந்து செய்த குண்டுகள் ஜெர்மானிய நாட்டுப் பட்டறைகளிலிருந்து ஐரோப்பாவெங்கும் சென்றன. அந்நாட்டின் துரிங்கியாப் பகுதியில் லௌஷா என்னும் கண்ணாடித் தொழிலூர் உண்டு. அங்கே 1840-களில், உருகிய கண்ணாடிக் கோலைக் கத்தரித்து உருண்டையாக்கும் ஒருவகைக் கத்தரி தோன்றிய பின்னரே, கண்ணாடிக் கோலி பெருவாரியாகக் கிடைக்கலாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்ஸன் என்பவர் கண்ணாடிக் கோலி செய்யும் இயந்திரத்தை அமைத்தார். அதன்பின் அரச குமாரனின் கையிலும் ஆட்டிடையன் மகன் கையிலும் ஒரே குண்டு உருண்டது.

இவ்விடத்தில் நமக்கு மிக நெருங்கிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுவது பொருந்தும். வாயுவேற்றிய பானம் புட்டியிலிருந்து வெளியேறாதவாறு அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்து அடைக்கும் முறையை, லண்டன் நகரத்து ஹைரம் காட் என்பவர் 1870-களின் தொடக்கத்தில் வகுத்துக் காப்புரிமை பெற்றார். அப்புட்டி இந்தியா வந்தது. தமிழ்நாட்டில் ‘கோலி சோடா’ ஆயிற்று. டில்லித் தெருக்களில் அதுவே ‘பண்ட்டா’. பஞ்சாபியில் அச்சொல்லுக்குக் கோலிக்குண்டு என்பதே பொருள். மதராஸிலிருந்து தலைநகர் சென்ற நம்மவர் எத்தனையோ பேர், முதற் கோடையில் தெருமுனை வண்டியில் அப்புட்டியைக் கண்டு, பழைய நண்பனைச் சந்தித்தாற்போல் மகிழ்ந்திருப்பர். இங்கிலாந்தில் சிறுவர் அக்குண்டுக்காகவே புட்டிகளை உடைத்தனராம். நம் ஊர்ச் சிறுவரும் அதில் சளைத்தவரல்லர்.

இனி டின்ஸ்லி கிரீனின் கதைக்கு வருவோம். எலிஸபெத் அரசி ஆண்ட 1588-ஆம் ஆண்டில், ஸஸ்ஸெக்ஸைச் சேர்ந்த இளைஞன் ஒருவனும் அண்டை மாவட்டமான ஸர்ரேயைச் சேர்ந்த இளைஞன் ஒருவனும் பால்காரப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பினர் என்றும், பல்வகைப் போட்டிகளில் இருவரும் சமமாகவே நின்றமையால் இறுதியில் கோலியாடி வழக்கைத் தீர்த்துக்கொண்டனர் என்றும் அவ்வூரார் சொல்லுகின்றனர். போட்டியின் தொடக்கம் அதுவே என்பது அவர்கள் நம்பிக்கை.

வரலாறு எழுதுவோர் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. 1588 என்பது ஸ்பானியக் கப்பற்படையை இங்கிலாந்து முறியடித்த ஆண்டு. ஆங்கிலப் பள்ளிச் சிறுவன் ஒவ்வொருவனும் அறிந்த ஆண்டு. நம் ஊர்க் கதைகள் பலவும் ‘பாண்டியன் காலத்தில்’ என்று தொடங்குவது போலவே, ஒரு பழங்கதை தனக்கென ஒரு புகழ்பெற்ற ஆண்டைத் தேடிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். எனினும் கதையை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டுவதில்லை. இரு மாவட்டங்களின் எல்லையருகே அமைந்த ஊர் அது. எல்லையூர்களில் அக்கரையானுக்கும் இக்கரையானுக்கும் போட்டி இருப்பது உலகியல்பு. அந்தப் பழம்போட்டியின் நிழலே காதற்கதையாய் வடிவெடுத்தது என்று கொள்ளுவது தவறாகாது.

பெரிய வெள்ளி நாள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அடுத்த வினா. இயேசுபிரான் சிலுவையில் உயிர்துறந்த துக்க நாளன்று ஆட்டம் நிகழ்வது முரண்பாடாகத் தோன்றும். விடை பெரிதும் உழவனின் நாட்காட்டியில் இருக்கிறது. 1871-ல் விடுமுறைச் சட்டம் நிறைவேறும் முன்னர், ஆங்கிலத் தொழிலாளிக்கு உறுதியாகக் கிடைத்த ஓய்வு நாட்கள் மிகச் சில. கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியுமே அவற்றுள் தலையாயவை. கிறிஸ்துமஸ் பனிக்காலம், வெளியில் அமர்ந்து ஆட இயலாது. பெரிய வெள்ளி வசந்தத்தின் தொடக்கம். காலையில் கோயிலுக்குச் சென்று, தோட்டத்தில் உருளைக்கிழங்கு விதைத்து, பின்னர் மதுமனை வாயிலில் கூடுவது கிராமத்தான் வழக்கம். விபூதிப் புதன் முதல் பெரிய வெள்ளி வரையிலான தவக்காலமே கோலிப் பருவம் என்றும், பெரிய வெள்ளி நண்பகலோடு அப்பருவம் முடிந்துவிடும் என்றும் ஸஸ்ஸெக்ஸில் ஒரு மரபு இருந்தது. அந்நாளைக் ‘கோலி நாள்’ என்றே அவர்கள் அழைத்தனர். அதே மாவட்டத்தைச் சேர்ந்த பாட்டில் என்னும் ஊரிலும் பெரிய வெள்ளியன்று மடாலயத்தின் எதிரே கோலியாடும் வழக்கம் உண்டு. தவக்காலத்தில் கூச்சலும் அடிதடியும் மிக்க ஆட்டங்களைக் குருமார் வெறுத்தனர். ஓரிடத்தில் மண்டியிட்டு அமைதியாய் ஆடும் இவ்வாட்டத்தை அவர்கள் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

ஐயத்துக்கு இடமின்றி நாம் சொல்லக்கூடிய ஆண்டு 1932. அவ்வாண்டில்தான் கிரேஹவுண்டு மதுமனையில் இப்போதைய போட்டி முறையாகத் தொடங்கப்பட்டது. பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம் அது. கைப்பொருள் இல்லாதவனும் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று அப்போது பட்டம் பெற்றது என்பதைக் கருதும்போது, அதன் பொருத்தம் நமக்கு நன்கு விளங்குகிறது.

இனி விதிகளைக் காண்போம். ஆடுகளம் ஆறு அடி குறுக்களவுள்ள வட்டம். காங்கிரீட்டால் தரையினின்று சற்றே உயர்த்திக் கட்டி, மேலே மெல்லிய மணல் தூவியிருப்பார்கள். மணல் இல்லையேல் குண்டு ஓரிடத்தில் நில்லாது. மணல் மிகுந்தால் ஓடாது. வட்டத்தின் நடுவே 49 சிவப்புக் குண்டுகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை அங்குல அளவின. அவற்றை அடிக்கும் குண்டு முக்கால் அங்குலம். அதற்கு ‘டாலி’ என்று பெயர். டாலி கண்ணாடியாகவோ சுட்ட மண்ணாகவோ இருக்கலாம். இரும்புக் குண்டுக்கு அங்கே இடமில்லை.

ஓர் அணிக்கு ஆறு பேர். முதலில் ஆடுவது எவ்வணி என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்பதில்லை. இரு அணித் தலைவர்களும் நிமிர்ந்து நின்று, மூக்கின் நுனிக்கு நேராக டாலியைப் பிடித்து, தரையில் கிழித்த ஒரு கோட்டை நோக்கி விடுவார்கள். எவருடைய குண்டு கோட்டுக்கு அண்மையில் நிற்கிறதோ அவர் அணிக்கு முதல் ஆட்டம். இதற்கு ‘மூக்குவீழ்ச்சி’ என்றே பெயர்.

ஆடுவோன் வட்டத்தின் விளிம்பில் கையை ஊன்றி டாலியைத் தெறிக்கவேண்டும். அவ்வாறு தெறிக்கையில் விரல் முட்டி ஒன்றேனும் தரையில் பதிந்திருக்கவேண்டும் என்பது இவ்வாட்டத்தின் தலையாய விதி. ஒரு வேலையில் முழுமனத்துடன் இறங்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘நக்கிள் டவுன்’ என்னும் தொடர், முட்டியைத் தரையில் ஊன்றும் இந்த விதியிலிருந்தே பிறந்தது என்பர். தெறிக்கும்போது கையை முன்னே தள்ளி வேகம் கூட்டினால் அது ‘ஃபட்ஜிங்’ என்னும் குற்றம். உரிய இடத்தை விட்டு வேறிடத்திலிருந்து ஆடினால் அது ‘கேபேஜிங்’ என்னும் குற்றம். நடுவரின் கண் முழுவதும் ஆடுவோனின் மணிக்கட்டில்தான் இருக்கும்.

டாலி ஒரு சிவப்புக் குண்டை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒரு புள்ளி. குண்டு வெளியேறி, டாலி மட்டும் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், அது நின்ற இடத்திலிருந்தே அவன் மீண்டும் ஆடலாம். டாலியும் வெளியேறினால் புள்ளி உண்டு, மறு ஆட்டம் இல்லை. எதையும் வெளியேற்றாமல் டாலி உள்ளேயே தங்கினால், அவனுடைய அடுத்த முறை வரும்வரை அது அங்கேயே கிடக்கவேண்டும். இதற்கிடையே எதிரணியான் ஒருவன் அதை அடித்து வெளியேற்றினால், அதற்குரியவன் ஆட்டத்திலிருந்தே நீங்கவேண்டியதுதான். ஆகவே வலிமை மட்டும் போதாது. வேகமாக அடித்தால் டாலி வெளியே ஓடிவிடும். மெதுவாக அடித்தால் பகைவன் கையில் சிக்கிக்கொள்ளும். அடித்த இடத்திலேயே பின்னோக்கிச் சுழன்று நிற்கும்படி தெறிக்கும் வித்தைதான் வல்லவனை அடையாளம் காட்டுவது.

முதலில் 25 குண்டுகளை வெளியேற்றும் அணிக்கு வெற்றி. 49 என்ற எண்ணின் நுட்பம் இங்கே விளங்கும். அது ஒற்றைப்படையாதலால் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் 25-ஐ எட்டியவுடன் மற்றவர்க்கு மிஞ்சுவது 24 தான். அமெரிக்காவில் 1922 முதல் நடைபெறும் தேசியக் கோலிப் போட்டியிலும் இந்த அறிவே செயற்படுகிறது. அங்கே பத்தடி வட்டத்தில் 13 குண்டுகள். ஏழு எடுத்தவர் வென்றவர். ஆனால் அமெரிக்கப் போட்டி சிறுவர் சிறுமியர்க்கு உரியது. ஆங்கிலப் போட்டியோ வளர்ந்தோர் ஆடுவது.

நாம் சிறுவயதில் ஆடிய முறைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆங்கிலேயன் டாலியைச் சுட்டுவிரலின் வளைவில் இருத்திக் கட்டைவிரலால் தெறிக்கிறான். நம் நாட்டுச் சிறுவனோ ஒரு கையின் விரல்நுனியில் குண்டை வைத்து, மறு கையால் அவ்விரலைப் பின்னோக்கி வளைத்து, வில்லிலிருந்து அம்பு விடுவதைப் போல் விடுகிறான். அங்கே கட்டைவிரல் சம்மட்டி. இங்கே விரலே நாண். இரண்டிற்கும் வேண்டுவது ஒன்றே: கண்ணும் கையும் ஒருமைப்படுதல்.

இவ்வாட்டத்தால் புகழெய்தியோர் சிலர். வீ வில்லி ரைட் என்பவர் கட்டைவிரல் குளிரில் விறைத்துவிடாதிருக்க வெந்நீர்ப் பையுடன் களத்துக்கு வருவாராம். ஜிம் லாங்ஹர்ஸ்ட் என்பவருக்கு ‘அணுசக்திக் கட்டைவிரல்’ என்று பட்டப்பெயர். நான்கடித் தொலைவிலிருந்து டாலியைத் தெறித்துப் பீர்க் குவளையை நொறுக்கிவிடுவார் என்று சொல்லுவார்கள். காப்தார்ன் ஊரினரான ஜார்ஜ் மேனார்டு (1872–1962) விறகு வெட்டியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர். ‘பாப்’ என்று ஊரார் அன்போடு அழைத்த இம்முதியவர் ஏராளமான நாட்டுப்பாடல்களை நினைவில் வைத்திருந்தார். பாடல் தொகுப்போர் அவரைத் தேடிச்சென்று பதிவு செய்தனர். அதே மனிதர்தான் காப்தார்ன் கோலி அணிக்குத் தலைவராகவும் விளங்கினார். பழம்பாட்டும் பழைய ஆட்டமும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தது தற்செயலன்று.

எல்லாவற்றிலும் மேலாக மனத்தைத் தொடுவது லென் ஸ்மித் என்பவரின் வரலாறு. இவர் உறுப்பினராயிருந்த ‘டூக்கன் டெரிபிள்ஸ்’ என்னும் அணி 1956 முதல் 1975 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் பட்டத்தை வென்றது. லென் ஸ்மித்தும், ஜாக், சார்லி என்னும் ஜெம்ப்டன் இருவரும் அந்த இருபது வெற்றிகளிலும் களத்தில் இருந்தனர். தனியாட்டப் பட்டத்தையும் லென் ஸ்மித் 1957-க்கும் 1973-க்கும் இடையில் 15 முறை பெற்றார். இத்தகைய ஒருவரை வீழ்த்துவது யார் என்று ஊரே வியந்திருக்கும். 1974-ல் விடை கிடைத்தது. தனியாட்டத்தில் அவரை வென்றவர் அவருடைய மகன் ஆலன். இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1976-ல், டூக்கன் அணியின் நீண்ட ஆட்சியையும் ‘பெர்னோ ராம்ஸ்’ என்னும் அணி முடித்துவைத்தது. அவ்வணியின் தலைவரும் ஆலனே.

தம்மினும் தம்மக்கள் அறிவுடைமை மாநிலத்தார்க்கு இனிது என்று கருதுவது நம் மரபு. வட்டத்தைச் சுற்றி நின்றோர் அன்று அந்தத் தந்தையின் முகத்தை நோக்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை. தோல்வியின் வருத்தமும், தம் கை வித்தை தம்மோடு அழியாது என்ற நிறைவும் ஒருங்கே அதில் தோன்றியிருக்கும் என்று நாம் எண்ணிப்பார்க்கலாம்.

இவ்வாட்டம் நிலைத்த சூழ்நிலையையும் அறிந்தால்தான் இதன் அருமை முழுவதும் விளங்கும். டின்ஸ்லி கிரீனைச் சுற்றிலும் ஒரு காலத்தில் வயலும் காடுமே இருந்தன. அண்மையில் காட்விக் குதிரைப்பந்தயத் திடல் இருந்தது. அதையொட்டி 1930-ல் ஒரு சிறு விமானத்தளம் தோன்றியது. 1935-ல் ‘டின்ஸ்லி கிரீன்’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் அப்பெயர் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1936-ல் அது ‘காட்விக் விமான நிலையம்’ ஆயிற்று. 1947-ல், லண்டனின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, அருகிலிருந்த கிராலியைப் புதுநகராக அரசாங்கம் அறிவித்தது. 50,000 பேருக்கெனத் திட்டமிட்ட அந்நகரில் 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 1,18,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். டின்ஸ்லி கிரீன் அந்நகரின் ஒரு மூலையாகிவிட்டது. 1958-ல் காட்விக் பெரிய விமான நிலையமாகத் திருத்தி அமைக்கப்பட்டு அரசியால் திறந்துவைக்கப்பட்டது. அதன் மறுபக்கத்திலிருந்த லோஃபீல்டு ஹீத் என்னும் ஊர் மெல்ல மெல்லக் கரைந்தது. வீடுகள் இடிக்கப்பட்டுக் கிடங்குகள் எழுந்தன. அவ்வூரின் காற்றாலையைப் பெயர்த்தெடுத்துச் சார்ல்வுட் என்ற வேறோர் ஊரில் நிறுத்தினர். 1867-ல் கட்டிய மாதா கோயில் மட்டும் தன் ஊரை இழந்து தனியே நிற்கிறது.

அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊர்களில் ஒன்று மறைந்தது. மற்றொன்றின் பெயர் ஆண்டுக்கொருமுறை உலகச் செய்தியில் அடிபடுகிறது. ஒரு கோலியாட்டத்தால்தான் டின்ஸ்லி கிரீன் பிழைத்தது என்று நாம் சொல்லவில்லை. விமானத்தின் ஓடுபாதை எப்பக்கம் நீண்டது என்பதே அதைத் தீர்மானித்தது. ஆனால் ரயில் நிலையம் கைவிட்ட பெயரை, நகரசபை தன்னுள் கரைத்துக்கொண்ட பெயரை, விடாமல் சொல்லிவருவது இந்த ஆட்டமே. தலைக்கு மேலே விமானம் இரைந்து செல்லும். கீழே ஒரு மனிதர் மண்டியிட்டு முட்டியைத் தரையில் ஊன்றிக் கொண்டிருப்பார்.

அந்த விமானங்களே புதிய ஆட்டக்காரரையும் கொணர்ந்தன. 21-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸாக்ஸனிப் பகுதியிலிருந்து வந்த அணிகள் பலமுறை பட்டத்தைக் கைப்பற்றிச் சென்றுள்ளன. முன்னொரு காலத்தில் குண்டுகளை அனுப்பிய நாடு, பின்னர் அவற்றை ஆடுவோரையும் அனுப்பியது. ஆங்கில முதியோர் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் வட்டத்தின் கதவை எவரும் சாத்தவில்லை. எவ்வூராராயினும் முட்டியை ஊன்றி ஆடவேண்டும் என்பதொன்றே நிபந்தனை. 2020-ல் கொள்ளைநோய் உலகைப் பூட்டியபோது போட்டியும் நின்றது. நோய் தணிந்தபின் மீண்டும் வட்டத்தில் மணல் தூவப்பட்டது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகிறது. நம் குழந்தைகள் டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோலியாடுகின்றனர். ஒருவன் ‘கஞ்சே’ என்கிறான், மற்றொருவன் ‘கோட்டி’ என்கிறான், வேறொருவன் ‘குலி’ என்கிறான். அதில் குறையொன்றும் இல்லை. சேர்ந்து ஆடும் தோழனின் சொல்லைக் கற்பதுதானே நட்பு? ஆனால் நாம் ஆடிய ‘பேந்தா’ என்னும் ஆட்டத்தை அவர்கள் அறிவார்களா? குழியிலிருந்து எத்தனை சாண் அளந்தோம், எந்தக் குண்டை அடிக்கலாம் எதை அடிக்கலாகாது என்று தீர்ப்பளித்தவர் யார், தோற்றவன் விரல் முட்டியால் குண்டைத் தள்ளிக்கொண்டு குழிவரை சென்ற தண்டனை எப்படி நிகழ்ந்தது என்பவற்றை யாரேனும் எழுதிவைத்திருக்கிறோமா? தஞ்சையில் ஒரு விதி, நெல்லையில் ஒரு விதி, கோவையில் ஒரு விதி என்று தெருவுக்குத் தெரு வேறுபட்ட அச்சட்டங்களெல்லாம் ஆடியவரின் நினைவில் மட்டுமே உள்ளன. நினைவு என்பது மணலில் கிழித்த வட்டம். ஒரு மழை போதும்.

டின்ஸ்லி கிரீன் ஊரார் பெரிய காரியம் எதையும் செய்துவிடவில்லை. ஒரு நாளைக் குறித்தார்கள். ஓர் இடத்தைக் குறித்தார்கள். விதிகளை எழுதிவைத்து, அவற்றை மீறியவன் தந்தையாயினும் மகனாயினும் பிழையே என்றார்கள். அவ்வளவுதான். பொங்கலுக்கோ சித்திரைப் பிறப்புக்கோ நம் சங்கக் கட்டிடங்களில் நாம் கூடத்தான் கூடுகிறோம். சொற்பொழிவு முடிந்து உணவு பரிமாறும் இடைவேளையில், முற்றத்தின் ஒரு மூலையில் குழி ஒன்று தோண்டி, பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டு, பேரனுக்கு விரலை எப்படி வளைப்பதென்று காட்டினால், எவரும் அதைக் கண்டு நகைக்கவேண்டியதில்லை. அருகிலிருக்கும் ஒருவர் அவ்விதிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும்.